வடிவின் சட்டப்படியான வயது

வரைபடம் எழுதுகிறவர்கள் தாளில் இடம் போதாமல் விட்டுவிட்ட ஒரு மூலையில் நெடுங்கரை என்றொரு நாடு இருந்தது. வளமான நாடு. அதன் தலைமாட்டில் பேரேரி என்ற ஏரியும், ஏரிக்குப் பன்னிரண்டு மதகுகளும் இருந்தன. மதகுகளை நேரத்துக்குத் திறந்து மூடினால் நாடு சாப்பிடும். மூட மறந்தால் நாடு நீந்தும். ஆனாலும் மதகுக்குள் இறங்கி இடுப்பளவு சேற்றில் நின்று வேலை செய்ய நெடுங்கரை மக்களில் ஒருவரும் முன்வரவில்லை. அந்த வேலையை வெளியூர்க்காரன் ஒருவன் செய்தால் அது தங்களிடமிருந்து பறிக்கப்பட்ட வேலை என்பதில் மட்டும் அவர்களுக்குள் கருத்து வேறுபாடே கிடையாது.

இந்த இரண்டையும் ஒரே கூரையின் கீழ் குடிவைக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது. அதுதான் ஓலைச் சட்டம். வேலைக்கு வருகிறவனுக்கு மூன்றாண்டுக்கு ஒரு வேலை ஓலை. அது முடிந்தால் இன்னொன்று. என்றைக்காவது அவன் நல்லவன்தான் என்று நாட்டுக்கு நம்பிக்கை வந்தால், சாகும்வரை அங்கேயே தங்கிக்கொள்ள ஒரு வேர் ஓலை. வேலை ஓலைக்காரன் நாட்டில் இருப்பான், வேர் ஓலைக்காரன் நாட்டில் வாழ்வான் என்று சட்டத்தின் முன்னுரையிலேயே பெருமையோடு எழுதியிருந்தார்கள்.

அகலமான ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த தாழங்கரையிலிருந்து சாத்தப்பன் இப்படித்தான் வந்தார். மதகு வேலையில் கெட்டிக்காரர். பலகையில் காதை வைத்தாலே தண்ணீர் எந்த இடுக்கில் கசிகிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் அவருக்கு ஓலை கிடைத்ததற்கு அது காரணமல்ல. ஆண்டுக்கு எண்பத்தைந்து ஓலைகளுக்குப் பல்லாயிரம் பேர் விண்ணப்பித்ததால், தகுதியானவர்களைத் தேர்ந்தெடுக்க அரண்மனையில் ஒரு கிளி வளர்த்தார்கள். சாத்தப்பனின் விண்ணப்பம் மிளகாய் வற்றல் மூட்டை வந்த படகிலேயே வந்தது. கிளி மற்ற எல்லாவற்றையும் தாண்டி நேரே நடந்து வந்து அதைக் கொத்தியது. உலகின் தலைசிறந்த திறமையாளர்களில் ஒருவர் நம் நாட்டைத் தேடி வருகிறார் என்று அரசிதழ் அறிவித்தது.

தலைசிறந்த திறமையாளர் ஒரு டிரங்குப் பெட்டியோடும், இடுப்பில் இரண்டு வயது மகளோடும் படகிலிருந்து இறங்கினார். மனைவி முந்தைய ஆண்டே காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தாள். மகளின் பெயர் வடிவு.

ஐந்து முறை ஓலை புதுப்பித்தாயிற்று. வடிவுக்குப் பதினெட்டு வயதானபோதுதான் ஏரி வாரியத் தலைவருக்கு மனம் இளகியது. 'உமக்கு வேர் ஓலைக்கு மனுப் போட்டுவிடுவோம், நல்ல வக்கீலாகப் பாரும்' என்றார். ஊரில் ஓலை வழக்குக்கென்றே ஒரு வக்கீல் இருந்தார். செக்கடித் தெருவில், எண்ணெய்க் கடைக்கு மேல்மாடியில் காந்திமதியம்மாள். நெடுங்கரையிலேயே பிறந்தவர். சட்டத்தை நம்புகிறவர், அதுவும் மனப்பூர்வமாக நம்புகிறவர். அவருடைய அறையில் கட்டுகள் கூரைவரை ஏறியிருந்தன. உட்கார்ந்திருந்த நாற்காலியே பாதி கட்டுகளால் ஆனது.

"உங்க பொறப்பு எந்தக் கரைங்க?" என்று கேட்டார்.

"தாழங்கரைங்கம்மா."

அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "குருவித்தீவுல பொறந்திருக்கக் கூடாதா?"

"எங்க அம்மாவுக்குத் தோணலைங்க."

அம்மாள் விளக்கினார். நெடுங்கரை சமநீதி தவறாத நாடு. எந்த ஊரில் பிறந்தவர்களுக்கும் கூடக் குறையக் கிடையாது. ஊருக்கு ஆண்டுக்கு ஏழு வேர் ஓலைகள். குருவித்தீவின் மொத்த மக்கள்தொகை நாற்பத்து மூன்று. அவர்களுக்கும் ஏழு. தாழங்கரையில் கோடிப் பேர். அவர்களுக்கும் அதே ஏழு. குருவித்தீவுக்காரர்கள் யாரும் ஆண்டுக்கணக்காக விண்ணப்பிக்காததால், அவர்களுடைய ஏழு ஓலைகளையும் மார்கழிதோறும் மரியாதையோடு எரித்துவிடுவார்கள்.

"அப்ப நமக்கு எப்பங்கம்மா கிடைக்கும்?"

அம்மாள் விரல் விட்டு எண்ணினார். பிறகு ஒரு தாளில் போட்டுப் பார்த்தார். "நூத்தி முப்பது வருஷம். முன்னப்பின்ன ஆகலாம். உடம்ப நல்லாப் பாத்துக்கங்க."

"அவ்வளவு நாள் எதுக்குங்கம்மா மனுப் போடணும்?"

"மனு நிலுவையில இருந்தா ஓலையைப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கலாம். வேர் ஓலை கிடைக்குறதுக்கு இல்ல சாத்தப்பன், கிடைக்காம இங்கயே இருக்குறதுக்குத்தான் எல்லாரும் மனுப் போடுறாங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. வேலை போச்சுன்னா அறுபது நாழிகைக்குள்ள, அதாவது ஒரே நாளுக்குள்ள, கிளம்பணும். சட்டம் பண்ணினவங்க முதல்ல அறுபது நாள்னுதான் எழுதினாங்களாம். படியெடுத்த ஆளு கொஞ்சம் தூக்கக் கலக்கத்துல இருந்துட்டாரு."

மனுவுக்கு முன்னால் ஒரு சடங்கு இருந்தது. இந்த வேலைக்கு உள்ளூர்க்காரர் யாராவது உண்டா என்று வாரியம் முப்பது நாள் முரசறைந்து கேட்க வேண்டும். ஒருவர் வந்தாலும் சாத்தப்பனின் மனு செல்லாது. இருபத்தொன்பது நாள் யாரும் வரவில்லை. முப்பதாம் நாள் ஒருவர் வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டியபடி மதகை எட்டிப் பார்த்தார். சாத்தப்பன் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். வந்தவர், "இங்க வெயில் விழுமா?" என்று கேட்டார். விழும் என்றார்கள். "அப்ப சரி," என்று போய்விட்டார். 'நிழல் கோரினார், தகுதியற்றவர்' என்று பதிவேட்டில் எழுதி முத்திரை வைத்தார்கள்.

பிறகு திறமை விசாரணை. ஓலை ஆராய்வாளர் திருமலைக்கொழுந்து நடத்தினார். கழுத்துவரை பொத்தான் போட்டவர். பேசும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்காமல், அவர் தலைக்கு மேல் இருந்த வேந்தரின் படத்தைப் பார்த்தே பேசுவார்.

"மனுதாரர் செய்யும் பணி அரிய திறன் தேவைப்படும் பணி என்பதற்குச் சான்று யாது?"

"வேற யாராலயும் செய்ய முடியலைங்க ஐயா," என்றார் சாத்தப்பன்.

"வேறு எவராலும் செய்ய முடியாத பணியைத் தாங்கள் மட்டும் செய்வது எங்ஙனம்? இது ஐயத்துக்குரியது."

காந்திமதியம்மாள் எழுந்து, தாழங்கரையில் மதகு வேலை செய்கிற குடும்பங்கள் பல நூறு உண்டு என்று ஆதாரங்களை அடுக்கினார்.

"அவ்வாறாயின் இது அரிய திறன் அன்று," என்றார் திருமலைக்கொழுந்து.

இப்படியே மூன்று அமர்வு நடந்தது. நான்காவது அமர்வின்போது ஏழாம் மதகு பிடுங்கிக்கொண்டு, விசாரணை மண்டபத்துக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்துவிட்டது. சாத்தப்பன் அனுமதி கேட்டு வெளியே போய் அதை அடைத்துவிட்டுச் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார். தரையை ஈரமாக்கியதற்கு ஒரு கண்டனத்தைக் குறித்துவிட்டு, மனுவை ஏற்றுக்கொண்டார் ஆராய்வாளர். மனு உள்ளே போய் ஓர் அலமாரியில் படுத்துக்கொண்டது.

சாத்தப்பனுக்கு வேர் ஓலை வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். அவருடைய கவலை எல்லாம் வடிவைப் பற்றியது. அவள் அரசு வைத்தியசாலையில் எலும்பு கட்டுவது கற்றுக்கொண்டிருந்தாள். பிசகிய மூட்டை வலி தெரியாமல் இழுத்து வைப்பதில் அவள் கை பேர் வாங்கியிருந்தது. தாழங்கரை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அவளுடைய கோபம், சிரிப்பு, ஊறுகாய் ருசி எல்லாமே நெடுங்கரையுடையவை. ஆனால் பிள்ளைகள் அப்பாவின் ஓலையில் தொற்றிக்கொண்டிருப்பது இருபத்தொரு வயதுவரைதான். அதற்குப் பின்?

"அதுக்கப்புறம் சட்டப்படி அவ உங்க பொண்ணு இல்ல. யாரோ ஒரு வழிப்போக்கி," என்றார் காந்திமதியம்மாள். "அவ விண்ணப்பத்தைத் தனியாக் கிளி எடுக்கணும். இல்லைன்னா படகு ஏறணும்."

அப்போது வடிவுக்கு இருபத்தொன்று முடிய ஒரு மாதம்தான் இருந்தது. சாத்தப்பன் அந்த மாதம் சாப்பிட்டது மிகக் குறைவு. மகள் தூங்குவதை இரவெல்லாம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சொந்த மகளைக் கண் நிறையப் பார்த்துவைத்துக்கொள்ள வேண்டிய நிலை எந்தத் தகப்பனுக்கும் வரக்கூடாது.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது காந்திமதியம்மாளே மூச்சிரைத்தபடி மதகுக்கு வந்துவிட்டார். கையில் பழுப்பேறிய சட்டப் புத்தகம்.

"கிடைச்சிருச்சு சாத்தப்பன். நாப்பத்தேழாம் பிரிவு. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி நல்ல மனசுக்கார மந்திரி ஒருத்தர் செருகிவெச்சது, யாரும் கவனிக்கல. மனு அரசாங்க மேசையில கிடக்குற நாளையெல்லாம் பிள்ளையோட வயசுல கழிச்சிடணும். தாமதம் அரசாங்கத்தோடது, தண்டனை பிள்ளைக்கு எதுக்குன்னு எழுதியிருக்காரு. உங்க மனு மூணு வருஷமாக் கிடக்கு. அப்ப உங்க பொண்ணுக்கு வயசு என்ன?"

"பதினெட்டுங்களா?"

"பதினெட்டு."

அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தார்கள். வடிவு வக்கீலம்மாவின் காலில் விழப் போனாள். அம்மாள் தடுத்து, அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டார். 'சட்டம் கைவிடாதும்மா' என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சட்டத்தைப் பார்த்துக் கண் கலங்குகிற வக்கீல்கள் அபூர்வம்.

அந்த ஆண்டே நெடுங்கரையில் வேந்தர் தேர்தல் வந்தது. அங்கே வேந்தரை மக்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள், நாலு வருஷத்துக்கு ஒருமுறை, குடத்தில் கூழாங்கல் போட்டு. மண்காத்த பெருமாள் என்பவர் 'நம் மண், நம் மழை, நம் மதகு' என்று முழங்கி வென்றார். வந்தேறிகளைக் குறைத்துக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். வாக்குத் தவறாதவர். பதவியேற்ற மறுநாளே ஆணை பிறந்தது: வேர் ஓலை மனுக்களை இனி ஒரு அலுவலகம் அல்ல, ஏழு அலுவலகங்கள் ஒரே நேரத்தில் ஆராயும். ஏழும் திருப்தியடையும்வரை எதுவும் நகராது.

ஊரில் எல்லாரும் தலையில் கைவைத்தார்கள். காந்திமதியம்மாள் மட்டும் புத்தகத்தைப் பிரித்தார். மனு ஒரு மேசையில் ஒருநாள் கிடந்தால் ஒருநாள் கழிவு. ஏழு மேசையில் ஒருநாள் கிடந்தால்? மனு எழுதிக் கேட்டார். சட்டத்தின் எழுத்தை மீற முடியாத அமைச்சரவை, ஏழு நாள்தான் என்று ஒப்புக்கொண்டது.

"இனிமே உங்க பொண்ண யாராலயும் அனுப்ப முடியாது," என்றார் அம்மாள். "ஒரு நாளைக்கு ஒருநாள் ஏறும், ஏழுநாள் இறங்கும். ரெண்டு மாசத்துக்கு ஒரு வயசு குறைஞ்சுக்கிட்டே வரும்."

அப்படியே குறைந்தது. முதலில் வடிவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. காலையில் தலை வாரும்போது, "அப்பா, இன்னைக்கு எனக்கு எத்தனை வயசு?" என்று கேட்பாள்.

"வக்கீலம்மா கணக்குப்படி பதினாறே கால்மா."

"அப்ப இனிமே மிட்டாய் வாங்கிட்டு வாங்க."

பதினைந்தில் வேடிக்கை குறைந்தது. வைத்தியசாலையின் தலைமை வைத்தியர் அவளைக் கூப்பிட்டு, சிறார் உழைப்புத் தடைச் சட்டத்தைக் காட்டினார். நல்ல மனிதர். "நீதான் எங்ககிட்ட இருக்குறதுலயே கெட்டி. ஆனா பதினஞ்சு வயசுப் பிள்ளையை வேலைக்கு வெச்சா என்னை உள்ள போடுவாங்கம்மா." கட்டுத்துணியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். மறுவாரம் தோள் பிசகி வந்த ஒரு மூட்டை தூக்குகிறவருக்கு அவர் இழுத்த இழுப்பில் இன்னொரு தோளும் பிசகியது.

பத்திலிருந்து ஒன்பதுக்கு இறங்கியபோது பள்ளிக் கண்காணிப்பாளர் வீட்டுக்கு வந்தார். ஒன்பது வயதுப் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றம் என்றார். வடிவு நாலாம் வகுப்பில் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். முழங்கால் மேசைக்கு மேலே நின்றது. டீச்சருக்கு அவளைவிட ஒரு வயது குறைவு. 'அக்கா' என்று கூப்பிடுவதா 'பாப்பா' என்று கூப்பிடுவதா என்று தெரியாமல் அந்தப் பெண் அழுதேவிட்டாள். அதே சமயம் நல்ல குடும்பத்திலிருந்து வடிவைப் பெண் கேட்டு வந்தார்கள். தட்டு மாற்றும் முன்பே காவலர்கள் வந்து, குழந்தைத் திருமண முயற்சி என்று மாப்பிள்ளையைக் கையைக் கட்டிக் கூட்டிப்போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா வாசலில் நின்று தூற்றிய தூற்றலை வடிவு உள்ளே நின்று முழுதும் கேட்டாள்.

சாத்தப்பன் செக்கடித் தெருவுக்கு ஓடினார். "வேணாங்கம்மா. மனுவ வாபஸ் வாங்கிருவோம்."

"வாபஸ் வாங்கின நிமிஷமே அவளுக்கு இருபத்துமூணு. ரெண்டு வருஷம் ஓலை இல்லாமத் தங்கினதா ஆயிரும். பத்து வருஷம் உள்ள போடுவாங்க. அதுக்கப்புறம் படகு." அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான்தான் சாத்தப்பன் இதப் பண்ணினேன். கதவுன்னு நினைச்சுத்தான் திறந்தேன். கிணறா இருந்துருச்சு."

சாத்தப்பன் அவரைத் திட்ட நினைத்துத்தான் வந்தார். திட்டவில்லை.

இரண்டு வயதில் அம்மை ஊசிக்கு அழைப்பு வந்தது. ஒரு வயதில் பேச்சுரிமை போயிற்று. கைக்குழந்தையின் வாக்குமூலம் எந்த அலுவலகத்திலும் செல்லாது. பிறகு சித்திரை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, கணக்குப்படி வடிவு பூச்சியத்தைத் தொட்டாள். மறுநாள் முத்திரையிட்ட கடிதம் வந்தது. 'தங்கள் மகள் இன்னும் பிறக்கவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். உரிய காலத்தில் பிறந்தால் தகவல் தரவும்.'

அவள் ஒருத்தி மட்டுமல்ல. நாட்டில் அந்த ஆண்டு பல்லாயிரம் பிள்ளைகள் பிறக்காமல் போனார்கள். வேந்தர் மண்காத்த பெருமாள் மாடத்தில் வந்து நின்று, "யாம் ஆட்சிக்கு வந்தபோது இந்நாட்டில் வந்தேறிகளின் பிள்ளைகள் நாற்பதினாயிரம் பேர். இன்று ஒருவரும் இலர். ஒரு துளி ரத்தம் சிந்தாமல் இதைச் சாதித்தோம்," என்றார். கீழே கைதட்டிய கூட்டத்தில், பந்தல் கட்டியவர்களும் தண்ணீர் பரிமாறியவர்களுமாகப் பிறக்காதவர்கள் பலர் நின்றிருந்தார்கள்.

பிறக்காதவளை நாடு கடத்த முடியாது. அந்த வகையில் சாத்தப்பன் வென்றுவிட்டார். ஆனால் பிறக்காதவளுக்குப் பங்கு அரிசி கிடையாது. கடைக்காரர் அவளிடம் விற்றால் கணக்கில் ஆள் இல்லாத விற்பனை. அந்த ஆடியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. அவள் வேலை பார்த்த அதே வைத்தியசாலையில், படுக்கையில் யாரும் இல்லை என்று எழுதிவிட்டு, அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்கள். காய்ச்சல் இறங்கிய அன்று அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் தாழங்கரைக்குப் போறேன்."

"அங்க உனக்கு யாரையும்மா தெரியும்?"

"யாரையும் தெரியாது. ஆனா அங்க எனக்கு இருபத்திநாலு வயசு."

சாத்தப்பன் தானும் வருகிறேன் என்றுதான் முதலில் சொன்னார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ஐப்பசி மழை வரப்போகிறது, பன்னிரண்டு மதகுக்கும் வேறு ஆள் இல்லை, அவர் போய்விட்டால் செக்கடித் தெருவிலிருந்து வைத்தியசாலைவரை எல்லாரும் மூழ்கிப்போவார்கள் என்றாள். அந்த எல்லாரையும் அவளுக்குப் பெயர் சொல்லித் தெரியும். துறையில் நின்ற காவலர் ஏறுகிறவர்களின் பெயரை எழுதினார். வடிவின் முறை வந்ததும், அவள் பிறக்கவில்லை என்று சொன்ன கடிதத்தை வாங்கிப் பார்த்தார், நிமிர்ந்து அவளைப் பார்த்தார், எதுவும் எழுதாமல் ஒதுங்கிக்கொண்டார். பத்துப் பேர் ஏறிய படகில் ஒன்பது பேர் என்று எழுதியிருந்தது.

சாத்தப்பன் அதன் பிறகும் மதகில் இறங்கினார். மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். வடிவு தாழங்கரையில் வைத்தியசாலை வைத்துவிட்டாள். அங்கே ஊறுகாயில் உப்பு அதிகம். சனங்கள் அவளை நெடுங்கரைக்காரி என்று கூப்பிடுகிறார்கள். பையன் ஒருவனைப் பார்த்திருக்கிறாள், அப்பா வந்தால்தான் கல்யாணம் என்று எழுதினாள். விடுப்பில் போய்வரலாமா என்று கேட்டதற்கு, நிலுவை மனுக்காரர் கரையைத் தாண்டினால் திரும்பி வரும் உரிமை இல்லை என்று வாரியம் பதில் சொன்னது. ஒவ்வொரு ஐப்பசியும் மழை அவரைப் பிடித்து நிறுத்தியது. மழை விட்டதும் அடுத்த மழைக்கான வேலை.

இப்படி நாலு வருஷம் போனது. இதற்குள் வேந்தருக்கு ஓர் உண்மை தெரியவந்தது. வரிசையில் இறந்துபோனவர்களின் பெயர்கள் நீக்கப்படவே இல்லை. இறந்தவர் நேரில் வந்து விலகல் மனுக் கொடுத்தால்தான் பெயரை எடுக்கலாம் என்று விதி இருந்தது, ஒருவரும் வந்து கொடுக்கவில்லை. வரிசையைச் சுருக்கிக் காட்டினால் தேர்தலுக்கு நல்லது என்று அவர்களை ஒரே ஆணையில் நீக்கினார்கள். காத்திருந்து அலுத்துக் கிளம்பிப் போனவர்களையும் நீக்கினார்கள். நூற்று முப்பது வருஷ வரிசை ஒரே நாளில் காலியாகி, அதன் முனையில் சாத்தப்பன் நின்றார்.

காந்திமதியம்மாளும் அவரும் அரண்மனைக்குப் போனார்கள். அம்மாளுக்கு இப்போது மூட்டுவலி. படியேறும்போது சாத்தப்பன் கைகொடுத்தார். மண்டபத்தில் அதே திருமலைக்கொழுந்து, அதே கழுத்துப் பொத்தான், தலைக்கு மேல் அதே படம். மேசையில் சிவப்பு நூல் கட்டிய வேர் ஓலை தயாராக இருந்தது.

"மனுதாரரின் காத்திருப்பை நாடு பாராட்டுகிறது," என்றார் ஆராய்வாளர், படத்தைப் பார்த்து. "ஒரேயொரு உறுதிமொழி எஞ்சியுள்ளது. கோப்பின்படி தங்களுக்கு மகப்பேறு இல்லை. தங்கள் மகள் எனக் குறிப்பிடப்பட்டவர் பிறப்பதற்கு இன்னும் இருபத்து நான்கு ஆண்டுகள் உள்ளன. 'எனக்கு மக்கள் எவரும் பிறக்கவில்லை' என எழுதிக் கையொப்பமிடுக."

சாத்தப்பன் வக்கீலைப் பார்த்தார்.

"எழுதலைன்னா என்ன ஆகும்னு நான் சொல்லித்தான் ஆகணும்," என்றார் அம்மாள் மெதுவாக. "பொண்ணு இருக்கான்னு எழுதினா, கோப்பு மொத்தமும் பொய்யினு ஆயிரும். அறுபது நாழிகை. திரும்ப வரவே முடியாது. எழுதிட்டீங்கன்னா ஓலை உங்களுது. சாகுறவரைக்கும் இங்க இருக்கலாம். வக்கீலா இதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லக் கூடாது."

"வக்கீலா இல்லாம?"

"உங்க பாயசத்தை நானும் குடிச்சிருக்கேன் சாத்தப்பன்."

சாத்தப்பன் பேனாவை எடுத்தார். சேற்றில் ஊறிய விரல்கள், எழுத்து நேராக வராது. கொடுத்த கோட்டுக்குள் அடங்காமல் பெரிய பெரிய எழுத்தாக எழுதினார். 'வடிவு. என் மகள். வயது இருபத்தெட்டு. எலும்பு வைத்தியர்.' அதன் கீழே கையெழுத்துப் போட்டார். இருபத்தாறு வருஷம் இந்த நாட்டின் தண்ணீரில் நின்றதற்கு அவர் வருத்தப்படவில்லை. இந்த ஒரு வரியை எழுத இத்தனை நாள் ஆயிற்றே என்றுதான் வருத்தப்பட்டார்.

திருமலைக்கொழுந்து தாளை வாங்கிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு வாசலில் நின்ற காவலருக்குக் கேட்கும்படி உரத்த குரலில், "பிறவாத ஒருவருக்குத் தந்தையாக இருந்த குற்றத்துக்காக மனுதாரர் அறுபது நாழிகைக்குள் நாட்டை விட்டு நீங்குக. வேர் ஓலை ரத்து. காவலரே, ஏரி வாரியத்துக்குத் தகவல் அனுப்பும்," என்று அறிவித்தார்.

காவலர் தகவல் கொண்டுபோனார். மண்டபத்தில் மூன்று பேர்தான் மிச்சம். ஆராய்வாளர் அந்தத் தாளைக் கீழே வைக்கவில்லை. முதல்முறையாகச் சாத்தப்பனை முகத்துக்கு நேரே பார்த்தார்.

"அந்தப் பேர எழுதுறப்ப கை நடுங்கலியா உங்களுக்கு?" என்று கேட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு. தாழங்கரையில் தெற்குக் கோடியில் இருப்பவர்கள்தான் அப்படி இழுத்துப் பேசுவார்கள்.

சாத்தப்பன் திகைத்துப்போனார். "ஐயா நம்ம ஊருங்களா?"

"எனக்கும் வேலை ஓலைதான். பதினோரு தடவை புதுப்பிச்சாச்சு. நாள் பூரா ஓலை படிக்கிற வேலைக்கு உள்ளூர்க்காரங்க யாரும் வரல." கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினார். மாடிப்படியின் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "எம் பொண்ணு மேல ஏழாவது அலுவலகத்துல கணக்கு எழுதுறா. சம்பளமில்லாம, பேரில்லாம. பேனா பிடிக்கிறவளுக்குப் பேரு எதுக்குன்னு கேட்டாங்க. நானே எங்கையால அவளுக்கு முத்திரை வெச்சேன், இன்னும் பொறக்கலைன்னு."

காந்திமதியம்மாள் எழுந்து ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதெல்லாம் ஒரு வக்கீல் காதில் விழக்கூடாது.

"படகுல ஒரு ஆளு கூடுதலா ஏறினா துறையில யாரும் எழுத மாட்டாங்க," என்றார் திருமலைக்கொழுந்து. "உங்க கூட அவளைக் கூட்டிட்டுப் போறீங்களா? பேரு உலகம்மை. வயசு இருபத்தாறு."

சாத்தப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிக் கட்டிக்கொண்டார்.

"பிள்ளையைக் கீழ வரச் சொல்லுங்க," என்றார். "நாலு மணிப் படகு."